எஃப்.ஐ.ஆரை நம்பாத நாம் தூக்குக்கயிற்றை நம்பலாமா?

(மணலி புதுநகரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மரண தண்டனை தேவையா?' என்பது. பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு. 'தேவையே' என்று மூன்று பேர், 'தேவையில்லை' என்று மூன்று பேர் பேசுவார்கள். நடுவர் இரண்டு தரப்பையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவைப்பார். இன்று அப்படிப் பேச எனக்கு விருப்பமில்லை. குற்றவாளி சாகத் தகுந்தவனா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடுகிறேன். சிலர் செய்த கொடுமையைக் கேட்டால் 'இவனெல்லாம் உயிரோடு இருக்கலாமா' என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். அந்தக் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு. கொல்லும் அதிகாரத்தை யார் கையில் கொடுக்கிறோம்? அந்தக் கையை நமக்குத் தெரியுமா?

வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். வண்டி தொலைந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே நாலு நடை நடக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்றால் தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை பேச வேண்டும். திருடியவன் கிடைக்கிறானோ இல்லையோ, பழைய கேஸ் உள்ள பையன் ஒருவன் கிடைத்துவிடுவான். மறுநாள் பேப்பரில் அவன் கையில் மாவுக்கட்டோடு நிற்பான். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று பக்கத்திலேயே செய்தி இருக்கும். அதைப் படித்து நம்பியவர் இங்கே யாராவது உண்டா? சிரிக்கிறீர்கள். ஒருவரும் இல்லை.

இனி அதே ஸ்டேஷன், அதே ரைட்டர், எழுதி வாங்கிய அதே மாதிரி வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு மட்டும் வண்டித் திருட்டு அல்ல, கொலை. அப்போது நமக்கு என்ன ஆகிறது? ஒவ்வொரு எழுத்தையும் நம்பிவிடுகிறோம். 'இன்னும் ஏன் விசாரணை, தூக்கில் போட வேண்டியதுதானே' என்கிறோம். சின்ன வழக்கில் இருந்த சந்தேகம் பெரிய வழக்கில் எங்கே போகிறது? இதைத்தான் இன்று உங்களோடு யோசிக்க வந்திருக்கிறேன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் உட்படப் பலரும் அவரோடு மாண்டார்கள். அந்தக் குடும்பங்களின் துக்கத்தை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசுவது நேர்மை ஆகாது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டு நின்ற 26 பேருக்கும் தூக்கு. ஒருவர்கூட மிச்சமில்லை. பதினைந்து மாதம் கழித்து, 1999 மே 11 அன்று, அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. மீதி 19 பேரை வெளியே விட்டது. சாட்சிகள் அதே சாட்சிகள், காகிதங்கள் அதே காகிதங்கள். ஒரு நீதிமன்றம் சாக வேண்டும் என்ற 19 பேரை இன்னொரு நீதிமன்றம் வீட்டுக்குப் போகச் சொன்னது.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். போலீஸை அவனே நம்பவில்லை! பயங்கரவாதத்துக்கு எதிரான தடாச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. இந்தக் கொலை தடாவின் கீழ் வரும் குற்றமே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எழுதி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

அந்த வாக்குமூலங்களில் ஒன்று பேரறிவாளனுடையது. கைதானபோது வயது 19. அவர் மீது இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. கடையில் யாரும் வாங்கக்கூடிய பொருள். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதில்தான் உயிரே தொங்கியது. 2013இல், வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் வெளிப்படையாகப் பேசினார். எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று அந்த இளைஞர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். ஒரு வாக்கியம் விடுபட்டுப்போனது. அதற்கு விலை ஒரு தூக்குத் தண்டனை. 1999இல் அந்தத் தண்டனையை உறுதி செய்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸும் அதே 2013இல், இத்தனை ஆண்டு சிறைக்குப் பிறகு அவர்களைத் தூக்கிலிடுவது முறையல்ல என்று சொன்னார்.

இந்த இரண்டு பேரும் பேசும்வரை பேரறிவாளன் உயிரோடு இருந்தாரே, அதுவே மயிரிழையில் நடந்தது. கருணை மனு 11 ஆண்டு கிடப்பில் கிடந்து நிராகரிக்கப்பட்டு, 2011 செப்டம்பர் 9 அன்று வேலூர்ச் சிறையில், தூக்கு எஞ்சியிருந்த மூவருக்கும், பேரறிவாளன் உட்பட, தூக்கு என்று நாளே குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் இந்தத் தூக்கை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். 30ஆம் தேதி தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே நாள் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். 2011இல் அந்தத் தடை வராமல் போயிருந்தால், விடுபட்ட வாக்கியத்தைப் பற்றித் தியாகராஜன் பேசி யாருக்கு என்ன பயன்?

இது அரசியல் வழக்கு, விதிவிலக்கு என்பீர்கள். சரி, அரசியலே இல்லாத வழக்குக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் போரூர் அருகே சிறு குழந்தை ஒன்று பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது. அதே குடியிருப்பில் இருந்த இளைஞர் ஒருவர் கைதானார். ஒரே ஆண்டில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. விரைந்து நீதி வழங்கியதாகப் பாராட்டினோம். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிசிடிவி பதிவு உரிய முறையில் நிரூபிக்கப்படவில்லை, தடயங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகச் சேரவில்லை, தன் தரப்பை நடத்த அவருக்கு நியாயமான வாய்ப்பும் தரப்படவில்லை என்றது.

இப்போது அந்தக் குழந்தையின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். எட்டு ஆண்டு கழித்து அவர்கள் கையில் என்ன இருக்கிறது? குற்றவாளி அவர்தான் என்றால், வேலையை ஒழுங்காகச் செய்யாமல் அவரை விட்டுவிட்டார்கள். அவர் இல்லை என்றால், உண்மையான குற்றவாளியைத் தேடவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஏமாந்தது அந்தக் குடும்பம். நாம் எழுப்பிய 'தூக்கு, தூக்கு' என்ற சத்தத்தில் 'சாட்சியம் எங்கே' என்று கேட்கும் குரல் எடுபடவில்லை. தூக்குக் கேட்பது பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பது என்று நினைக்கிறோம். இந்த வழக்கில் அது விசாரணை அதிகாரியின் அரைகுறை வேலைக்குத்தான் பாதுகாப்பாக நின்றது.

இது ஒன்றிரண்டு வழக்கின் கதையா? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. கீழ் நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில் கடைசிவரை அந்தத் தண்டனை நிலைத்தது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். ஏறத்தாழ முப்பது பேர் முழுவதுமாக விடுதலை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்கிறேன். நூறு முறை அழுத்தினால் முப்பது முறை தப்பாகத் திறக்கிற வால்வை உங்கள் சேஃப்டி ஆபீசர் ஒரு நாள் ஓட விடுவாரா? ப்ளாண்டையே நிறுத்திவிட மாட்டாரா?

அந்தத் தூக்குக் கொட்டடிகளில் இருப்பவர்கள் யார் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நான்கில் மூன்று பங்குப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அதே அளவுக்குப் பிற்படுத்தப்பட்டோர், தலித், பழங்குடி, சிறுபான்மைச் சமூகத்தினர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பணக்காரர்கள் கொலையே செய்வதில்லையா? செய்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே நல்ல வக்கீல் வந்துவிடுகிறார், அவ்வளவுதான். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஆலை அதிகாரிகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2010 ஜூனில். தண்டனை இரண்டு ஆண்டு, உடனே ஜாமீன். ஆலைப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வாழப் பழகிய இந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரிகளையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. கயிறு எந்தக் கழுத்துவரை எட்டும், எந்தக் கழுத்தை எட்டாது என்பதைக் கவனியுங்கள் என்கிறேன்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்குமேடை தொழிலாளிக்குப் புதிதல்ல. கோவை சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மலாயாவில் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் அவர்களுக்கு மாலை போடுகிறோம். அன்றைய சட்டத்தின்படி அவர்கள் எல்லோரும் 'நிரூபிக்கப்பட்ட குற்றவாளிகள்'.

காசிமேட்டிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு 2014 நினைவிருக்கும். ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேரைப் போதைப்பொருள் கடத்தினார்கள் என்று 2011இல் இலங்கைக் கடற்படை பிடித்தது. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. ராமநாதபுரத்துக் கடற்கரை கொந்தளித்தது. இந்திய அரசு மேல்முறையீட்டுக்குப் பணம் கொடுத்தது. நவம்பர் 19 அன்று மன்னிப்புக் கிடைத்தது, பிறகு ஐவரும் ஊர் திரும்பினார்கள். நம்மில் யாராவது அன்று 'அங்கே நீதிமன்றம் தீர விசாரித்திருக்கும், சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்' என்று சொன்னோமா? சொல்லவில்லை. அந்த ஊர் போலீஸ் எழுதிய கதையை நாம் நம்பவில்லை. பிடிபட்டவர்கள் நம் பிள்ளைகள். 2022இல் சிங்கப்பூர், நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழ் இளைஞரை 42.72 கிராம் ஹெராயினுக்காகத் தூக்கிலிட்டபோதும் நாம் வேதனைப்பட்டோம். கடலுக்கு அப்பால் இருக்கும் போலீஸைச் சந்தேகிக்கத் தெரிகிறது. பக்கத்துத் தெரு ஸ்டேஷன் என்றால் அந்தச் சந்தேகம் வர மறுக்கிறது.

'வள்ளுவரே கொடியவர்களைக் களை எடுக்கச் சொல்லியிருக்கிறாரே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது, செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறள். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் குறள், யார் பக்கமும் சாயாமல் தீர ஆராய்ந்து செய்வதுதான் முறை என்கிறது. முதல் குறளைத் தாண்டாமல் பத்தாவது குறளுக்குப் போக முடியாது. முதல் குறளைத் தாண்டாத மன்னன் என்ன ஆனான் என்பதற்கு மதுரை இருக்கிறது. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய், விசாரணை இல்லாமல் வாயிலிருந்து விழுந்த ஓர் ஆணை, கோவலன் வெட்டுண்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது பாண்டியனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தானும் செத்தான். நம் நாட்டில் தவறாகத் தூக்கு எழுதியவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நலமாக இருக்கிறார்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட கதையை எல்லோரும் சொல்வோம். பெரிய புராணத்தில் வருகிற அமைச்சரை மறந்துவிடுகிறோம். இளவரசன் மீது தேரை ஏற்று என்று அரசன் முதலில் அவருக்குத்தான் ஆணையிட்டான். அந்தக் காரியத்தைச் செய்ய மனம் வராமல் அவர் தன் உயிரையே விட்டார். பிறகுதான் அரசன் தானே தேரை ஓட்டினான். கடைசியில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சரையும் உயிர்ப்பித்துக் கொடுத்ததாகப் புராணம் முடிகிறது. அவ்வளவு நேர்மையான தண்டனையைக்கூட மீட்டுக்கொள்ள வழியில்லாமல் விட்டுவிட அந்தக் கதைக்கே மனம் வரவில்லை. நம் நீதிமன்றத்தில் அந்த வசதி இல்லை.

இன்றைக்கு அந்த அமைச்சரின் இடத்தில் சிறைக்காவலர் நிற்கிறார். கைதியை எடை பார்க்கிறார்கள். எடைக்கு ஏற்ப எத்தனை அடி விழ வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். பீகாரின் பக்சர் சிறையில் திரித்த கயிற்றில், கைதியின் எடையைவிட ஒன்றரை மடங்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். விடியலில் முகத்தை மூடி, காலைக் கட்டி, நெம்புகோலை இழுத்து, அரை மணி நேரம் தொங்கவிட்டு, டாக்டர் சான்று கொடுத்ததும் இறக்குகிறார்கள். கோபமே இல்லாமல், சம்பளத்துக்கு, கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்கிற கொலை இது. இதை ஒரு மனிதர் நம் பேரால் செய்கிறார்.

தமிழ்நாட்டில் கடைசியாக அப்படி இறந்தவர் ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரல் 27, சேலம் மத்தியச் சிறை. அவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன் குற்றத் தொழிலுக்கு எந்தெந்த அதிகாரிகள் துணை நின்றார்கள் என்று சிறையில் சுயசரிதை எழுதினார். நக்கீரன் இதழ் அதை வெளியிடவிருந்தது. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. தடுக்க முடியாது என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறே மாதத்தில் எழுதியவர் தூக்கில் தொங்கினார். அவர் சொன்னதெல்லாம் உண்மையா பொய்யா என்று நிறுத்தி வைத்துக் கேட்க ஆள் இல்லை. தூக்கு, குற்றவாளியோடு சாட்சியையும் புதைக்கிறது.

'பயம் வேண்டாமா?' என்பது அடுத்த கேள்வி. நம் ஊர் வைகுண்ட தர்மபதிக்கு வருகிறவர்களில் பலருக்குக் குமரி மாவட்டம் பூர்வீகம். அய்யா வைகுண்டரைச் சிறையில் அடைத்த அதே திருவிதாங்கூர் அரசு, நூறாண்டு கழித்து 1944இல் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையை நிறுத்தியது. இந்தியாவோடு சேர்ந்து பொதுச் சட்டம் வந்தபோது தண்டனையும் திரும்பி வந்தது. இல்லாத ஆண்டுகளையும் வந்த பிறகான ஆண்டுகளையும் ஒப்பிட்டவர்கள், கொலைக் கணக்கில் சொல்லும்படியான வேறுபாட்டைக் காணவில்லை. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. உலகில் 110க்கும் மேற்பட்ட நாடுகள் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டன. கத்தி எடுக்கிறவன் தண்டனைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எடுப்பதில்லை. பிடிபடுவோமா மாட்டோமா என்பதுதான் அவன் போடும் கணக்கு. பயம் வேண்டுமென்றால், தப்பவே முடியாத விசாரணை வேண்டும்.

அந்த விசாரணைக்குப் பொறுமை இல்லாத இடத்தில்தான் என்கவுன்ட்டர் பிறக்கிறது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் அரசியல் கட்சித் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். கைதானவர்களில் ஒருவர் ஜூலை 14 அதிகாலையில் மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டதில் இறந்தார். மறைத்து வைத்த ஆயுதத்தை எடுக்கப் போன இடத்தில் தாக்க வந்தார் என்று காவல்துறை சொன்னது. இது நீதிபதி இல்லாத மரண தண்டனை. தூக்குக்குக் கைதட்டப் பழகிய கை இதற்கும் தட்டும். ஆனால் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் லாக்கப்பில் அடிபட்டுச் செத்தபோது அழுதோம். இரண்டும் ஒரே அதிகாரம். சாத்தான்குளத்துக் காவலர்களுக்காவது தூக்கு வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் கொலைகாரனை வெளியே விடுவதா? இல்லை. வாழ்நாள் முழுவதும், அல்லது முன்விடுதலை இல்லாமல் 25, 30 ஆண்டு சிறை என்று விதிக்கலாம் என 2015இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே உறுதி செய்திருக்கிறது. இதுவும் ராஜீவ் வழக்குக் கைதிகள் தொடர்பில் வந்த தீர்ப்புதான். ஊருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். தவறு தெரிந்தால் கதவைத் திறக்கவும் முடியும். பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 262ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு அதை எடுத்து வைத்துவிட்டது.

டெல்லிக்கு நாம் கட்டளையிட முடியாது. இங்கே செய்யக்கூடியவை உண்டு. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பகுதி ஸ்டேஷன்களில் அது ஓடுகிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனால், கவுன்சிலரைத் தேடுவதற்கு முன்னால் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போன் செய்து வக்கீல் கேளுங்கள். அது பிச்சை அல்ல, உரிமை. கொலையுண்டவர் குடும்பத்துக்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. தூக்கு வேண்டும் என்று ஊர்வலம் போகிற நேரத்தில் பாதியை ஒதுக்கி, அந்த வீட்டுக்குப் போய் மனு எழுதிக் கொடுங்கள். வழக்கு நடக்கும் நாளில் அந்தத் தாயோடு நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள்.

மரண தண்டனை கூடாது என்பது என் முடிவு. எந்த வழக்கிலும், யாருக்கும் கூடாது. இது கொலைகாரன் மேல் வந்த இரக்கம் அல்ல. அவனைக் கொல்லும் தகுதி நம் போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கருணை மனுவைப் பார்க்கும் ஆளுநர் மாளிகைக்கும் இருப்பதாக இத்தனை ஆண்டு அனுபவம் எனக்குக் காட்டவில்லை. உங்களில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது. எதிர்த்துப் பேச நினைப்பவர்கள் முதலில் மைக்குக்கு வாருங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.